கல்லாவில் உட்காரும் நமக்கு

கடை திறந்தது முதல் பூட்டும் வரை நம் பாரத்தையெல்லாம் சுமப்பது பிட்டம். அதைப் பற்றி நம் இதழில் எழுதலாமா என்று கூச்சப்பட்டோம். பட்ட அவஸ்தை எழுத வைத்துவிட்டது.

சென்ற ஆடியில் ஒரு நாள் மண்டியில் கல்லாவை விட்டு எழுந்தபோது, இடது பிட்டத்திலிருந்து குதிகால் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி. வாயு என்று எண்ணிப் பூண்டு தின்றே பத்து நாள் ஓட்டினோம் (சரக்கு நம்முடையதுதானே!). பிறகுதான் எலும்பு மருத்துவரிடம் போனோம்.

நாம் சதையின் மேல் உட்காருவதாக நினைக்கிறோம். அப்படியில்லையாம். உடம்பிலேயே மிகப் பெரிய தசை பிட்டத் தசைதான். ஆனால் உட்கார்ந்ததும் அது மேலே விலகிக்கொள்கிறது. பாரம் இறங்குவது இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முண்டுகளின் மேல். எலும்புக்கும் பலகைக்கும் நடுவே கொஞ்சம் கொழுப்பும், சிறு நீர்ப்பையுமே மெத்தை. மணிக்கணக்கில் அழுத்தினால் அந்தப் பை வீங்கி வலிக்கும். தறியில் உட்காருவோருக்கு இது வந்ததால் ஆங்கிலத்தில் நெசவாளர் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். வியாபாரி பெயரும் பொருந்தும்.

அந்தப் பெரிய தசை எழுவதற்கும், படியேறுவதற்கும், குனிந்த உடம்பை நிமிர்த்துவதற்கும் உள்ளது. நம் மண்டியில் மூட்டை தூக்குபவரைப் பாருங்கள். முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு அணைத்து எழுகிறார். பிட்டமும் தொடையும் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. நாமோ காலை விறைத்து, முதுகை வளைத்து 25 கிலோ பையை இழுக்கிறோம்.

தசைக்கு அடியில் ஓடுகிறது சயாட்டிக் நரம்பு. உடம்பிலேயே தடித்த நரம்பு அது. பிட்டத்தின் மேல் வெளிப்பக்கமாகப் பார்த்து ஊசி போடுவது இதற்குப் பயந்துதான். முதுகெலும்பு வட்டு பிதுங்கி இந்த நரம்பை அழுத்துவதே பெரும்பாலும் வலிக்குக் காரணம். நமக்கும் அதுவேதான். பேண்ட் பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்து அதன் மேலேயே உட்காரும் நம் பிள்ளைகளுக்கும் இந்த வலி வருவதுண்டு. சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொய்ந்தாலோ பூண்டை நம்பாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அரை மணிக்கு ஒரு தடவை எழச் சொன்னார் மருத்துவர். வியாபார நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? பில் புத்தகத்தை எதிர்ச்சுவர் அலமாரிக்கு மாற்றிவிட்டோம். ஒவ்வொரு பில்லுக்கும் எழுந்தே ஆகவேண்டும். கணக்குப்பிள்ளைக்குத்தான் கொஞ்சம் கோபம்.