ஒலிவாங்கியை யாரிடம் நீட்டுவது? தொலைக்காட்சிச் செய்தி கற்க வரும் நம் மாணவர்களுக்கு

வன்கொடுமை வழக்கொன்றில், மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்றிருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிபதியின் அனுமதியோடு மடிக்கணினியைத் திறந்து, அரை நிமிடம்கூட நீளாத ஒரு காட்சியை ஓடவிட்டார். அரசு மருத்துவமனையின் பிணவறை வாசல், நள்ளிரவு, முகத்துக்கு நேரே கூசும் விளக்கு. "எத்தனை பேரும்மா வந்தாங்க? யாருன்னு தெரியுமா?" என்று ஒரு குரல் கேட்கிறது. "இருட்டுல யாரு எவருன்னு எனக்கு என்னய்யா தெரியும்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பேரின் பெயர்கள் இருந்தன. "அன்று உலகமே பார்க்கச் சொன்னது பொய்யா, இன்று இங்கே சொல்வது பொய்யா?" என்று வழக்கறிஞர் கேட்டார். அந்தத் தாயின் சாட்சியத்தை மறுவிசாரணையில் நிமிர்த்தி எடுப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தச் செய்தியாளர் கெட்ட எண்ணத்தோடு கேட்டவர் அல்லர். நள்ளிரவில் அந்த இடத்துக்கு வந்த ஒரே ஒளிப்படக் கருவி அவருடையது. அவர் வராதிருந்தால் அந்தச் சாவு மறுநாள் "இரு தரப்பினர் மோதல்" என்ற ஒற்றை வரியாக முடிந்திருக்கக்கூடும். ஆயினும் அவர் கற்ற தொழிலில், ஒரு கேள்வி மூன்று ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் எங்கே போய் நிற்கும் என்பதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அண்மைக்காலமாக நாங்கள் நடத்தும் சட்டப் பயிலரங்குகளில் கல்லூரி மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "தொலைக்காட்சிச் செய்தித் துறைக்குப் போவது எப்படி?" என்பது. கருவியைக் கையாளவும், டெலிப்ராம்ப்டரைப் பார்த்து வாசிக்கவும் சில மாதங்களில் பழகிவிடலாம். சட்டம் அறிந்து கேட்கப் பழகுவதுதான் கடினம். வழக்கறிஞர்களாகிய நாங்கள் சொல்லித்தர முடிந்ததும் அதைத்தான்.

இத்துறையில் நம்மவர் இல்லாமை பற்றி வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு தில்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரை ஆய்ந்தபோது, பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ ஒருவர்கூட அவர்களிடையே இல்லை. 2019ஆம் ஆண்டு ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட அறிக்கை 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கிட்டது. அவற்றில் 106 இடங்களில் முற்பட்ட சாதியினர் இருந்தனர்; பட்டியலினத்தவர், பழங்குடியினர் எண்ணிக்கை அப்போதும் சுழியம்தான். இந்தியாவின் பிற பகுதிகளைப் போலவே தமிழகத்திலும் கிராமச் செய்தியைத் தருபவர் பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லாத பகுதிநேரச் செய்தியாளர், அதாவது ஸ்டிரிங்கர். செய்திக்கு இவ்வளவு என்று கூலி. சில இடங்களில் விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். விளம்பரம் தருபவர் ஊரில் இருக்கிறார், சேரியில் இல்லை. காவல் நிலையத்தைப் பகைத்துக்கொண்டால் அடுத்த செய்தி கிடைக்காது. ஊர்த்தெருவிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பும் செய்தியாளரைக் குறைசொல்வதற்கு முன் இந்தப் பொருளாதாரத்தையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி களத்துக்கு வருவோம். வன்கொடுமை நடந்த ஊருக்குச் செல்லும் செய்தியாளர் முதலில் அரசிடம்தான் ஒலிவாங்கியை நீட்ட வேண்டும். காயம்பட்டவரின் முறை அதன் பிறகே வரும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995ஆம் ஆண்டின் விதிகளும் அதிகாரிகளின் கடமைகளை வரிவரியாக வகுத்துவைத்திருக்கின்றன. ஒவ்வொரு கடமையும் ஒரு கேள்வி. முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்றா? "முதற்கட்ட விசாரணை நடக்கிறது, முடிந்ததும் பதிவோம்" என்று ஆய்வாளர் சொல்வாராயின், 2018ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு அத்தகைய விசாரணை தேவையில்லை என்கிறதே என்று அங்கேயே கேட்கலாம். எந்தெந்தப் பிரிவுகளில் பதிவாயிற்று, அவற்றில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் உள்ளனவா? அறிக்கையின் நகல் புகார்தாரருக்குத் தரப்பட்டதா? விதி 7 கூறுவதுபோல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்கிறாரா? விதி 12இன்படி மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்தார்களா, வந்தார்கள் எனில் சேரிக்குள் வந்தார்களா, வட்டாட்சியர் அலுவலகத்தோடு திரும்பினார்களா? ஏழு நாள்களுக்குள் தரப்பட வேண்டிய உடனடி நிவாரணம் கைக்கு வந்ததா? இக்கடமைகளை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியரை 4ஆம் பிரிவின் கீழ்த் தண்டிக்க முடியும் என்பதை அறிந்த செய்தியாளர் கேட்கும்போது அதிகாரியின் குரலே மாறுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அதிகாரி பேச மறுப்பார், பெரும்பாலும் அதுதான் நடக்கும். அப்போது வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. காவல் நிலைய வாசலில் நின்று, என்ன கேட்டோம், யாரிடம் கேட்டோம், எத்தனை மணிக்குக் கேட்டோம், பதில் வரவில்லை என்று நேராகக் கருவியைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவும் செய்திதான்.

பாதிக்கப்பட்டவரிடம் எப்போது, எப்படிப் பேசுவது? இங்குதான் நாங்கள் அதிக நேரம் செலவிடுகிறோம். ஒளிப்பதிவைத் தொடங்குவதற்கு முன் அவரருகே அமருங்கள்; எந்த நிறுவனம், எங்கே ஒளிபரப்பாகும், ஊரார் பார்ப்பார்கள், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்பதைச் சொல்லுங்கள். "இப்போது உங்கள் மனநிலை என்ன?" என்ற கேள்வியை அகராதியிலிருந்தே எடுத்துவிடலாம். நிகழ்வை நொடி நொடியாக விவரிக்கச் சொல்வதும், "இன்னின்னார்தானே?" என்று பெயர்களை எடுத்துக்கொடுப்பதும் அவருக்கு உதவி செய்வதாகத் தோன்றும், உண்மையில் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்கு அது முன்னோட்டம். ஒருவர் முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள முரணைச் சுட்டிச் சாட்சியத்தைத் தகர்ப்பது எதிர்த்தரப்பின் உரிமை; அதற்கான கருவியை நாம் செய்துகொடுக்கக் கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் படத்தைத் திரையில் காட்டி "இவர்தானா?" என்று கேட்டுவிட்டாலோ, பின்னால் நடைபெறும் அடையாள அணிவகுப்பின் மதிப்பே கேள்விக்குள்ளாகும். மாறாக, புகார் கொடுக்கப் போனபோது காவல் நிலையத்தில் என்ன சொன்னார்கள், யார் வந்து பார்த்தார்கள், சமாதானம் பேச யாராவது வந்தார்களா, இப்போது தண்ணீருக்கும் வேலைக்கும் எங்கே போகிறீர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று கேளுங்கள். வழக்கின் மையச் சாட்சியத்தோடு மோதும் வாய்ப்பு இவற்றில் குறைவு. சமூகப் புறக்கணிப்பு என்னும் தனிக் குற்றம் வெளிப்படுவதும் பெரும்பாலும் இக்கேள்விகளால்தான்.

பாலியல் வன்முறை வழக்குகளில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ, பெயரை மட்டும் தடுப்பதன்று. அடையாளத்தை வெளிப்படுத்தக்கூடிய எதையும் தடுக்கிறது. இறந்துபோன பெண்ணுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்பதை நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தெளிவாக்கியது. குழந்தையாயின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு முகவரி, பள்ளி, குடும்பம், வசிக்கும் பகுதி வரை அனைத்தையும் மறைக்கச் சொல்கிறது. கதுவா சிறுமியின் பெயரை வெளியிட்ட ஊடக நிறுவனங்களை 2018 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னது. முகத்தை மங்கலாக்கிவிட்டு, வீட்டு வாசலையும் தெருமுனைக் கோயிலையும் தந்தையின் பேட்டியையும் காட்டுவதில் என்ன மறைப்பு இருக்கிறது? நூறு வீடுள்ள சேரியில் கதவின் நிறம் போதும், யார் வீடென்று தெரிந்துவிடும்.

ஹாத்ரஸ் நிகழ்வை எங்கள் வகுப்புகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒலிவாங்கியின் நன்மையும் தீமையும் ஒருசேர வெளிப்பட்ட இடம் அது. 2020 செப்டம்பர் 29 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்த பத்தொன்பது வயது தலித் பெண்ணின் உடலை, குடும்பத்தினரின் இசைவின்றி அன்றிரவே காவல்துறை எரித்தது. இருளில் எரிவது என்னவென்று அங்கிருந்த காவலரிடம் விடாது கேட்ட ஒரு பெண் செய்தியாளரின் காட்சிகள் நாடெங்கும் சென்றன. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு அக்டோபர் 1ஆம் நாள் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதே நாளில் மூத்த காவல் அதிகாரி ஒருவர், தடயவியல் அறிக்கையில் விந்தணு காணப்படவில்லை, எனவே வன்புணர்வு நடக்கவில்லை என்று ஒலிவாங்கிகளின் முன் அறிவித்தார். 2013ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வன்புணர்வின் வரையறைக்கு விந்தணு கட்டாயமன்று; மாதிரிகள் எடுக்கப்பட்டதோ பல நாள்கள் கழித்து. "எப்போது எடுத்த மாதிரி? சட்டத்தின் வரையறை என்ன?" என்ற இரண்டு கேள்விகள் அங்கேயே எழுந்திருக்க வேண்டும். அவை எழுவதற்குள் அந்த வாக்கியம் பல திரைகளில் கீழ்வரியாக ஓடிவிட்டது. 2023 மார்ச்சில் விசாரணை நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை; ஒருவரை மட்டும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காகவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் தண்டித்து, மூவரை விடுவித்தது. தீர்ப்பு எப்படி அமைந்தபோதும், புலனாய்வு முடியுமுன் அதிகாரி வழங்கிய தீர்ப்பை அப்படியே ஒலிபரப்பியது செய்தியாளர் வேலையன்று.

குற்றஞ்சாட்டப்பட்டவரை நேர்காணல் செய்யலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் எதற்காக என்பது தெரிந்திருக்க வேண்டும். 2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்ட வழக்கில், முதன்மைக் குற்றவாளி சரணடைவதற்கு முன்பு தொலைக்காட்சிக்கு நேர்காணல் அளித்தார். அவருக்கு மேடை கிடைத்துவிட்டதே என்ற கோபம் அன்று நமக்கெல்லாம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானதும்கூட. ஆனால் அதே நேர்காணல் பின்னர் அவருக்கெதிராக நீதிமன்றத்தின் முன் வந்தது. "அன்று எங்கே இருந்தீர்கள், யாரைச் சந்தித்தீர்கள்?" என்று நேரத்தையும் இடத்தையும் பற்றிக்கொண்டு கேட்கும் கேள்விகள் எங்கள் கட்சிக்காரரின் கண்ணீரைவிட வழக்குக்குப் பயன்படும். "உங்கள் சமூகத்தினர் உங்களை மாவீரன் என்கிறார்களே?" என்பதுபோன்ற கேள்விகளோ அவருக்கு ஊர்வலம் நடத்திக்கொடுப்பவை.

வெட்டித் தொகுக்காத மூலப் பதிவை அழிக்காதீர்கள். மின்னணுச் சான்று நீதிமன்றத்தில் ஏற்கப்பட முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் வேண்டும். இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. எந்தக் கருவியில், எந்த நாளில் பதிவானது என்று எழுதிவைக்கும் பழக்கமில்லாமல் நல்ல காட்சிகள் வீணாவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

நெறியாளராக அமர்வோருக்குச் சொல் குறித்த கவனமே முதன்மை. ஒருபுறம் வெட்டியவரும் மறுபுறம் வெட்டுப்பட்டவரும் இருக்கையில் "மோதல்" என்பது பொய். "கௌரவக் கொலை" என்று வாசிக்கப்பட்டதை "ஆணவக் கொலை" என்று தமிழ்த் திரைகள் பலவும் மாற்றிக்கொண்டன. இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தியதன் பயன் அது. "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். எதிர்த்திசையிலும் அழுத்தம் வரும்: 2018 ஆகஸ்டில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் "தலித்" என்ற சொல்லைத் தவிர்க்குமாறு தனியார் அலைவரிசைகளுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தலுக்கும் தடைக்கும் வேறுபாடு உண்டு என்பதைச் செய்தியறையில் எடுத்துச்சொல்ல ஒருவராவது இருக்க வேண்டாமா? விவாத நிகழ்ச்சியில் விருந்தினர் ஒருவர் சாதியின் பெயரால் இழிவுபடுத்தினால், அது பொதுப் பார்வையில் நிகழும் இழிவு. இணையக் காணொளியும் அத்தகைய பொது இடமே என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியிருக்கிறது. உடனே குறுக்கிட்டு நிறுத்தும் பொறுப்பு நெறியாளருடையது. (நேர்காணல்களுக்கு அழைக்கப்படும் எங்களுக்கு முக்கால் நிமிடம் கிடைக்கும், அந்த முக்கால் நிமிடத்திலும் விளம்பர இடைவேளை வந்துவிடும். அது தனிக் கதை.)

உச்சரிப்பு பற்றியும் ஒன்று. "உங்கள் தமிழ் திரைக்கு ஒத்துவராது" என்று குரல் தேர்வில் திருப்பி அனுப்பப்பட்ட மாணவர்களை அறிவோம். லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பழகிக்கொள்ளுங்கள். அது பயிற்சி, ஒரு மாதத்து வேலை. உங்கள் ஊர்ப் பேச்சை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். ஊர்க்காரர் ஒருவர் மனம்விட்டுப் பேசுவது அந்தப் பேச்சைக் கேட்டால்தான்.

பெரிய நிறுவனத்தின் வாசல் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002இல் தொடங்கிய கபர் லஹரியா, பெரும்பாலும் தலித் பெண்கள் நடத்திய கிராமப்புறச் செய்தித்தாள். பின்னர் கைப்பேசியைக் கையிலெடுத்துக் காணொளிச் செய்திக்கு மாறியது. ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட "ரைட்டிங் வித் ஃபயர்" ஆவணப்படத்தில், அவர்கள் காவல் நிலையத்தில் அதிகாரிகளை எதிர்கொண்டு கேட்பதைப் பாருங்கள். குரல் உயர்வதே இல்லை.

எங்கள் பயிலரங்கின் கடைசி மணிநேரத்தில் எங்களில் ஒருவர் துணைக் கண்காணிப்பாளராக அமர்வார். மாணவர்கள் கைப்பேசியை நீட்டிக் கேட்பார்கள். பெரும்பாலானோர் "குற்றவாளிகளை எப்போது கைது செய்வீர்கள்?" என்றே தொடங்குவார்கள். "விரைவில்" என்று எளிதாகச் சொல்லித் தப்பித்துவிடலாம். சென்ற முறை, சட்டமே படிக்காத இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், "சார், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய அறுபது நாள்தானே? இன்று எத்தனையாவது நாள்?" என்று கேட்டார். அதிகாரியாக அமர்ந்திருந்த எங்கள் நண்பர் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். மாணவி கைப்பேசியைத் தாழ்த்தாமல் காத்துக்கொண்டிருந்தார்.