நீளாத இரும்பு, நீளும் செயின்

மோட்டார் சைக்கிள் செயின் தொங்க ஆரம்பித்தால் "செயின் இழுத்துடுச்சு" என்பார்கள். ஆனால் அங்கே இரும்பு எதுவும் இழுபடுவதில்லை. நூறு சிசி எஞ்சின் எவ்வளவு முக்கினாலும் செயினின் எஃகுத் தகடுகள் நிரந்தரமாக நீளாது. தேய்வது கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே உள்ள மூட்டு. அது வெளியே தெரியாத இடம். செயினுக்குச் செய்யும் வேலைகளில் எது பயன்படும், எது வீண் என்பதை அந்த மூட்டை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணி, அதைச் சுற்றி புஷ், அதற்கும் மேலே உருளும் ரோலர். ஆணி வெளித்தகடுகளில் இறுகியிருக்கும். புஷ் உள்தகடுகளில் இறுகியிருக்கும். செயின் வளையும்போதெல்லாம் புஷ்ஷுக்குள் ஆணி சற்றே திரும்புகிறது. 14 பல் கொண்ட முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு மூட்டு ஏறும்போது கிட்டத்தட்ட 26 பாகை மடங்குகிறது. இறங்கும்போது அதே அளவு நிமிர்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல் என்றால் மடக்கம் 9 பாகைக்கும் குறைவு. ஆகச் செயின் ஒரு சுற்று வர, ஒரு மூட்டு நான்கு முறை அசைகிறது. 18 அங்குலச் சக்கரம் கொண்ட சாதாரண வண்டியில் ஒரு கிலோமீட்டருக்குச் செயின் சுமார் 200 சுற்று வரும். கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பங்காருப்பேட்டைக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அந்த ஒரு நடையில் மட்டும் ஒவ்வொரு மூட்டும் பன்னிரண்டாயிரம் முறை அசைந்துவிடுகிறது.

எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை இவ்வளவு அசைவும் பெரிய சேதம் செய்யாது. தூசி புகுந்தால் கதை வேறு. தங்கவயலில் தூசி என்றால் அது எந்தத் தூசி என்று கேட்க வேண்டியிருக்கிறது. கோலார் தங்கம் குவார்ட்ஸ் பாறை நரம்புகளில் கிடந்தது. அதைப் பிரிக்கப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து, மிஞ்சியதைக் கொட்டினார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது தங்கம் நின்றது. மேடுகள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. சைனைட் மேடு என்று ஊரார் சொல்லும் அந்த 13 குவியல்களில் மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த பாறை கிடக்கிறது. அதில் மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது முதல் ஊரில் மறுபடியும் நம்பிக்கைப் பேச்சு. தங்கம் எவ்வளவு வரும் என்பது எடுத்துக் காட்டும்போது தெரியட்டும். காற்றடி காலத்தில் மேட்டிலிருந்து கிளம்பும் வெள்ளைத் தூள் மட்டும் வீடு, கிணறு, துவைத்த துணி, வண்டி என்று எதையும் விட்டுவைப்பதில்லை.

இந்தத் தூள் மண்ணைவிடக் கொடியது. காரணங்கள் இரண்டு. குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. செயின் ஆணியின் கெட்டிப்படுத்திய எஃகைக்கூட அது கீறும். அதோடு, தங்கத்தை விடுவிக்க அரைத்த பாறை என்பதால் பெரும்பகுதி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிட நுண்ணியது. உள்தகடுக்கும் வெளித்தகடுக்கும் இடையிலுள்ள மெல்லிய சந்தில் புக அது பொருத்தமான அளவு.

உள்ளே போன பிறகு நடப்பதை ஆட்டுக்கல் பார்த்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். புஷ் கல்லின் குழி, ஆணி குழவி, தூள் உளுந்து. வெறும் உளுந்தைப் போட்டு ஆட்டினால் குழவிக்குச் சிக்காமல் ஓரத்துக்கு ஏறிவிடும். தண்ணீர் தெளித்து, ஒரு கை மாவைத் தள்ளித் தள்ளி விட்டால்தான் அது மறுபடி மறுபடி குழவிக்கு அடியில் வரும். செயினில் அந்தத் தண்ணீரும் கையும் எண்ணெய்தான். அழுக்கைத் துடைக்காமல் மேலே மேலே ஆயில் விட்டால், வெளியே ஒட்டிய தூள் அந்த ஆயிலோடு சேர்ந்து உள்ளே இறங்கி நன்றாக அரைபடும். ஆட்டுக்கல்லில் உளுந்து தோற்று மாவாகும். செயினில் உளுந்து கல்லைவிடக் கெட்டி. எனவே குழியும் குழவியும் மாவாகின்றன. துடைக்காத செயினில் வழியும் கறுப்பு மசியில் அந்த இரும்பு மாவும் இருக்கிறது. வால்வு உட்காரவைக்க மெக்கானிக்குகள் பூசும் அரைப்புப் பசையும் இதே சேர்க்கை: கடினமான தூள், கொஞ்சம் கிரீஸ்.

கழித்துப்போட்ட செயினில் ஓர் ஆணியைத் தட்டி வெளியே எடுத்து நகத்தால் தடவினால் இது விளங்கும். ஒரு பக்கம் வழவழவென்று முழு உருளை. மறுபக்கம், புஷ் உட்கார்ந்திருந்த இடத்தில், நகம் தடுக்கி நிற்கும் ஒரு படி. இழுவை எப்போதும் ஒரே பக்கம் என்பதால் தேய்மானமும் ஒரே பக்கம். அந்தப் படியின் ஆழத்தையும் புஷ்ஷின் உள்தேய்வையும் கூட்டினால் மூட்டுக்கு 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 112 கண்ணிகளுக்கு 11 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு கண்ணியின் நீளம். ஆணியின் கெட்டித்தோலும் மெல்லியது. அது தேய்ந்து உள்ளேயிருக்கும் மெத்தான எஃகு வெளிப்பட்டால் தேய்மானம் வேகம் பிடிக்கும். மாதக்கணக்கில் ஒழுங்காக இருந்த செயின் திடீரென்று வாராவாரம் டைட் வைக்கச் சொல்வது அதனால்தான்.

இதில் இன்னும் அழகான ஒரு நுணுக்கம் உண்டு. தேய்ந்த செயினில் எல்லாக் கண்ணியும் சமமாக நீளுவதில்லை. உள்கண்ணியின் இரு புஷ்களும் ஒரே தகட்டில் இறுகியவை. அவற்றின் தூரம் மாறாது. தேய்வு முழுவதும் வெளிக்கண்ணியின் கணக்கில் சேருகிறது. ஆகவே பழைய செயின் குட்டை, நெட்டை, குட்டை, நெட்டை என்று போகிறது. ஸ்ப்ராக்கெட்டில் பற்கள் இரட்டைப்படையாக இருந்தால் நெட்டைக் கண்ணி எப்போதும் குறிப்பிட்ட பற்களையே தின்னும். ஒற்றைப்படை என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஆள் மாறும், தேய்வு பங்கிடப்படும்.

இந்த வடிவச் செயினை 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கினார். அதே ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கச் சுரங்க வேலையைக் கையில் எடுத்தது, தற்செயல்தான். தென்னாட்டுக் கடைகளில் தொங்கும் 'ரோலான்' செயின் கோயம்புத்தூர் எல்ஜிபி நிறுவனத்துடையது. வரலாறு இவ்வளவு போதும்.

செயினை வீட்டிலேயே சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். செயினில் பொறித்த எண் 428 என்பதுபோல் 4-இல் தொடங்கினால் கண்ணி நீளம் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். செயினை இறுக்கிப் பிடித்து 21 ஆணிகளை எண்ணினால் நடுவே 20 கண்ணிகள். புதிதில் 254 மில்லிமீட்டர். 259-ஐத் தொட்டால் செயின் முடிந்தது. ஸ்கேல் இல்லையென்றால், பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்முனையில் செயினை விரலால் இழுக்க, பல்லில் பாதி வெளியே தெரிந்தாலும் அதே முடிவு. அப்போது இரண்டு கண்ணியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டுவது பழைய வழக்கம். அது தொய்வை மறைக்கும். நெட்டைக் கண்ணி நெட்டையாகவேதான் இருக்கும், பற்களைக் கொக்கியாக்கும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் துணியால் துடைப்பவரின் விரல் துணியோடு ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். இதில் சலுகையே கிடையாது. துடைத்துக் காய்ந்தபின் 90 கியர் ஆயிலைக் கீழ் ஓட்டத்தின் உள்பக்கமாக, தகடுகள் சேரும் சந்தில் சொட்டவிட வேண்டும். சுழலும்போது எண்ணெய் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு மூட்டு வழியாகவே போகும். ரோலர்மேல் பளபளவென்று பூசியது மூட்டுக்குப் போய்ச் சேராது. வண்டி ஓடி வந்த சூட்டில் விட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வெளியே உள்ளதைத் துடைத்துவிட்டால் தூள் ஒட்ட இடமில்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இது போதும். மேட்டுத் தூள் பறக்கும் மாதங்களில் அதற்கும் முன்பே. விலை உயர்ந்த ஸ்ப்ரே டப்பாக்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாக்களிக்கின்றன. எந்தத் திரவமும் துடைக்காத தூளைக் கரைக்காது.

பெரிய வண்டிகளின் செயினில் தகடுகளுக்கிடையே ரப்பர் வளையம் இருக்கும். கிரீஸை உள்ளே அடைத்து, தூளை வெளியே நிறுத்துவது அதன் வேலை. விளம்பரத்தை நம்பாதவர்களும் தயங்காமல் ஏற்கலாம். தூசி ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கம்பி பிரஷ்ஷும் பெட்ரோலும் அந்த வளையத்தைக் கெடுக்கும். செயினைக் கழற்றிக் கிரீஸில் காய்ச்சும் பழைய முறையும் இதற்கு ஆகாது.

டைட் வைப்பதில் பெரும்பாலோர் செய்யும் தவறு அதிகம் இறுக்குவது. ஆள் ஏறி, பின்னால் அரிசி மூட்டையும் ஏறினால் சக்கரம் மேலெழும்பும். அப்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி கூடும். தொய்வு அதற்கான இடம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தைத் தேட வேண்டும். அங்கே கீழ் ஓட்டத்தின் நடுவில் மேலும் கீழும் 25 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு சாதாரண வண்டிக்குச் சரி. வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இருபுற அட்ஜஸ்டரையும் சம அளவு திருப்ப வேண்டும். கோடுகள் இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் கோணி, பற்கள் பக்கவாட்டில் தேயும். நட்டை இறுக்கியபின் டிரம் பிரேக் வண்டியில் மிதியையும் பார்க்க வேண்டும். சக்கரம் பின்னுக்குப் போனதால் பிரேக் ராடும் நகர்ந்திருக்கும்.

செயினை மாற்றும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே மாற வேண்டும். கொக்கிப் பல்லில் புதுச் செயின் சீக்கிரமே கெடும். செயின் முனைகளை இணைக்கும் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை, அதாவது மேல் ஓட்டத்தில் எஞ்சின் பக்கத்தை, பார்க்க வேண்டும். எதிரே மாட்டினால் எதிலாவது பட்டு லாக் கழன்றுவிடும். புது செட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தொய்வு காட்டும். ஆணியும் புஷ்ஷும் ஒன்றுக்கொன்று பதிந்துகொள்வதால் வருவது அது. ஒருமுறை டைட் வைத்தால் சரியாகிவிடும்.