உங்களுக்குத் தெரியுமா? அலுவலக மேசையும் ஃபெங் சுயியும்

வேலை நாட்களில் விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதியை அலுவலக மேசையில்தான் கழிக்கிறோம். அந்த மேசையை எங்கே போடுவது, எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது? சீனர்களின் இட அமைப்புக் கலையான ஃபெங் சுயி இதற்கெல்லாம் விதி வைத்திருக்கிறது.

● ஃபெங் சுயி வளர்ந்ததில் இடுகாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. முன்னோரைப் புதைக்க நல்ல இடம் பார்ப்பது அதன் முக்கிய வேலையாக இருந்தது. குவோ பூ (கி.பி. 276–324) என்ற அறிஞரின் பெயரில் வழங்கும் அடக்க நூல் அதன் பழைய ஆதாரங்களில் ஒன்று. 'சி' என்னும் உயிராற்றலைக் காற்று கலைத்துவிடும், நீர் தேக்கி வைக்கும் என்பது அடிப்படை நம்பிக்கை.

● நல்ல இடத்துக்கு நான்கு காவலர்கள் உண்டு. பின்னால் கருப்பு ஆமை, முன்னால் சிவப்புப் பறவை, இடப்புறம் பச்சை டிராகன், வலப்புறம் வெள்ளைப் புலி. அதாவது பின்னால் மலை, எதிரே திறந்தவெளி, இருபுறமும் குன்றுகள். அலுவலகத்தில் மலைக்குப் பதில் முதுகுக்குப் பின்னால் சுவர். குன்றுகளுக்குப் பதில் நாற்காலியின் இரு கைப்பிடிகள்.

● வாசல் கண்ணில் பட வேண்டும். ஆனால் வாசலுக்கு நேர் எதிரே உட்காரக் கூடாது. வாசலுக்குக் குறுக்காக, அறையின் தூர மூலைதான் சிறந்த இடம். வாசலுக்கு முதுகு காட்டி வேலை செய்பவரைக் கவனித்துப் பாருங்கள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் தோள் இறுகும், தலை பாதி திரும்பும். பிறகு திரையில் விட்ட வரியைத் தேடுவார். இடம் மாற்ற வழியில்லையா? வாசல் தெரியும்படி மேசையில் ஒரு சின்னக் கண்ணாடி வைக்கச் சொல்கிறார்கள்.

● இதே கருத்தை வேறு வழியில் எட்டியவர் பிரிட்டிஷ் புவியியலாளர் ஜே ஆப்பிள்டன். சுற்றிலும் பார்க்க முடிகிற, அதே சமயம் தான் மறைவாக இருக்கிற இடமே மனிதருக்குப் பிடிக்கிறது என்று 1975-இல் எழுதினார்.

● கூரான முனை உட்காருபவரை நோக்கியிருந்தால் அதற்கு 'நச்சு அம்பு' என்று பெயர். தூணின் விளிம்பு, பீரோவின் மூலை எல்லாம் இதில் சேரும். அதை மறைக்க முன்னால் ஒரு செடித் தொட்டி வைத்தால் போதும்.

● ஹாங்காங்கில் இந்த 'நச்சு அம்பு' கட்டடங்களுக்கு இடையிலான சண்டையாகவே ஆனது. ஐ.எம். பெய் வடிவமைத்து 1990-இல் திறக்கப்பட்ட பாங்க் ஆஃப் சீனா கோபுரத்தின் கூரிய விளிம்புகளைப் பார்த்து அக்கம்பக்கத்தவர் கவலைப்பட்டார்கள். அருகிலிருக்கும் எச்.எஸ்.பி.சி. தலைமையகத்தின் உச்சியில் உள்ள பராமரிப்புக் கிரேன்கள், அந்தக் கோபுரத்தைக் குறிவைத்த பீரங்கிகள் என்று ஊரில் சொல்வார்கள். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985-இல் முடிந்த அந்தத் தலைமையகத்தின் எஸ்கலேட்டர்கள் சாய்கோணத்தில் அமைந்ததும் ஃபெங் சுயி நிபுணர் சொல்லித்தான்.

● சிங்கப்பூரின் சன்டெக் சிட்டியில் ஐந்து அலுவலகக் கோபுரங்கள் ஐந்து விரல்கள். உள்ளங்கையில் 'செல்வ நீரூற்று'. செல்வம் உள்ளே வர வேண்டும் என்று தண்ணீர் உள்நோக்கி விழுகிறது. 1998-இல் உலகின் மிகப் பெரிய நீரூற்று என்று கின்னஸில் இடம்பிடித்தது.

● வாஸ்துவில் தெற்கு எமதிசை. ஃபெங் சுயியிலோ தெற்கு பார்த்த வாசல்தான் உயர்ந்தது. காரணம் பருவநிலை: வடசீனாவில் குளிர்காற்று வடக்கிலிருந்து வீசும், வெயில் தெற்கிலிருந்து கிடைக்கும். ஒரே அறைக்கு இரண்டையும் பார்ப்பவர்கள் குழம்புவது இதனால்தான்.

● மேசையில் வைக்கும் 'லக்கி பேம்பூ' மூங்கிலே அல்ல. மத்திய ஆப்பிரிக்காவின் டிரசீனா செடி. மணி பிளான்ட்டின் பூர்வீகம் பசிபிக் கடலின் மூரியா தீவு. இரண்டுக்கும் சீனா தாய்நாடு இல்லை.

● ஆனாலும் பசுமைக்குப் பலன் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று ரோஜர் உல்ரிச் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அலுவலகத்திலும் ஜன்னல் நல்லதுதான்; ஆனால் கணினி வைத்திருப்பவர்கள் அதைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்வது நல்லது. எதிரே இருந்தால் கண் கூசும். பின்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் அடிக்கும்.

● அடைசல் இருந்தால் 'சி' தேங்கிவிடும் என்பது இன்னொரு விதி. மேசைக்கடியில் சிக்கிக் கிடக்கும் ஒயர்கள், எழுதாத பேனாக்கள், முடிந்துபோன வேலையின் ஃபைல்கள்: முதலில் இவற்றை அகற்றுங்கள்.

ஃபெங் சுயியால் பணம் பெருகும் என்பதற்கு அறிவியல் சான்று கிடையாது. ஆனால் முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு எட்டிய வாசல், பக்கவாட்டில் வெளிச்சம், அருகில் ஒரு செடி ஆகியவை யாருக்கும் நிம்மதி தரும். செல்வம் தரும் என்று விற்கும் நாணயத் தவளையைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன், நாளைக்கே உங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.