எனக்கு ஏன் தினமும் தலை வலித்தது?



“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்” என்று எங்க ஆயா சொல்லும். போன வருஷம் எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு, தினமும் சாயங்காலம் தலையைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி வலிக்கும். நான்கு மாதம் விடவில்லை. கண்ணைப் பரிசோதித்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. உடனே வீட்டில், “வேலைக்குப் பயந்து நடிக்கிறா” என்றார்கள். வலியைவிட அந்தச் சொல்தான் அதிகமாக வலித்தது.

டாக்டரம்மா மட்டும், “வலி நிஜம்தான். ஆனா உடம்புல நோய் எதுவும் இல்ல. மனசுல என்ன இருக்கு?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். “எட்டாவதோட நிறுத்திடு” என்று அத்தை அப்பாவிடம் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

இது எப்படி வலியாகிறது? நாய் துரத்தினால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும். கழுத்து, தோள், தாடைத் தசைகள் இறுகும். நாய் போனதும் எல்லாம் தளர்ந்துவிடும். ஆனால் கவலை அப்படிப் போகாது, கூடவே வரும். தசையும் இறுகியே இருக்கும். நரம்புகளும் சின்ன விஷயத்துக்கே அபாய மணி அடிக்கப் பழகிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. வலியால் பயம், பயத்தால் இறுக்கம், இறுக்கத்தால் மறுபடி வலி. செக்குமாடு போலச் சுற்றும்.

1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள், வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில் ஒரு ‘கதவு’ இருப்பதுபோல என்று விளக்கினார்கள். பயமும் கவலையும் அதைத் திறக்கும். மன அமைதி கொஞ்சம் சாத்தும்.

நான் செய்தவை:

1. கை, தோள், முகம் என்று ஒவ்வொரு இடமாக 5 விநாடி இறுக்கி, பிறகு மெதுவாகத் தளர்த்துவேன். ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1920களில் உருவாக்கிய முறை இது.

2. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவேன். இப்படி 10 தடவை.

3. பயத்தை நோட்டில் எழுதுவேன்.

4. வலிக்குதே என்று விளையாட்டை நிறுத்தவில்லை.

ஒரே நாளில் போய்விடவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் குறைந்தது. இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வரும். ஆனால் பயப்படுவதில்லை.

ஒன்று முக்கியம். திடீரென்று கடுமையாக வலித்தாலும், காய்ச்சல், வாந்தி, பார்வை மங்கல் இருந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். கடையில் மாத்திரை வாங்கி அடிக்கடி போடாதீர்கள். அதுவே தலைவலியைக் கொண்டுவரும்.

அந்த நோட்டை ஒருநாள் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அப்பாவிடம் பேசியது. அதனால்தான் இன்று ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

யாராவது “வலிக்குது” என்றால் நடிக்கிறாள் என்று சொல்லாதீர்கள். “என்ன ஆச்சு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி