சுருள்வில்லும் மென்தோட்டாவும்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்னறையில் குடியிருக்கிறேன். அதன் கம்பிவலைக் கதவுக்குச் சென்ற மாதம் வீட்டுக்காரர் புதிய ஸ்பிரிங் மாட்டினார். அன்றுமுதல் அவருடைய பேத்தி தள்ளினால் கதவு பாதி திறந்து, அவள் முகத்திலேயே மூடிக்கொள்கிறது. குழந்தைமேல் குறையில்லை, வில் அவள் கைக்கு மிஞ்சியது.

என் அறைத்தோழர் கைத்துப்பாக்கிப் போட்டியாளர். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவு. ஜஸ்பால் ராணா 1994இல் ஹிரோஷிமாவிலும் 2006இல் தோஹாவிலும் ஆசியத் தங்கம் வென்ற பிரிவு அது. போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில், சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறாமல் அடிக்கடி சிக்கியது. “மணிக்கட்டு தளர்கிறது” என்றனர் உடனிருந்தோர். “எனக்கு இது வராதப்பா” என்று இவர் விலகவே துணிந்துவிட்டார்.

மணிக்கட்டுத் தளர்ச்சியாலும் இது நேரும் என்பது உண்மை. ஆனால் விசாரித்தபோது இரண்டு செய்திகள் தெரிந்தன: துப்பாக்கிக்குப் புதிதாகக் கடினமான சுருள்வில் போட்டிருந்தார்கள்; தோட்டாவோ மருந்து குறைந்த மென்தோட்டா.

நண்பர்களே, நியூட்டனின் மூன்றாம் விதியை நாம் அறிவோம். குண்டு முன்னே பாய, அதற்கீடான உந்தத்துடன் ஸ்லைடு பின்னே ஓடுகிறது, ஓடும்போது கூட்டை வெளியே எறிகிறது, சுருள்வில்லையும் அமுக்குகிறது. அமுங்கிய வில் திரும்ப விரிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிறது.

6.4 கிராம் குண்டு நொடிக்கு 240 மீட்டர் சென்றால், உந்தம் ஏறத்தாழ 1.5 அலகு. ஸ்லைடு 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதன் வேகம் நொடிக்கு 5 மீட்டர், ஆற்றல் 3.75 ஜூல். குண்டின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் ஸ்லைடின் வேகமும் அதே அளவு குறையும். ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அது 2.4 ஜூலுக்கு இறங்கிவிடும். குறைத்தது ஐந்தில் ஒன்று. இழந்தது மூன்றில் ஒன்றுக்கும் மேல்! மிச்சமிருக்கும் ஆற்றல் கடின வில்லை முழுதும் அமுக்கப் போதாது. ஸ்லைடு பாதிவழியில் திரும்பிக் கூட்டைக் கவ்விக்கொள்ளும்.

அதற்காக வில்லை மிகவும் மென்மையாக்கலாமா? ஆகாது. ஸ்லைடு பின்கோடியில் மோதும். அடுத்த தோட்டாவை ஏற்றவும் வலுவிராது. ஆகவே சங்கத்தில் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் படிப்படியாக மென்மையான வில்களை மாற்றிப் பார்த்தார். மூன்றாவது வில்லில் ஐம்பது தோட்டாக்கள் ஒன்றும் சிக்காமல் ஓடின. முழுமருந்துத் தோட்டாவை அதில் போடலாகாது என்றும் எச்சரித்தார்.

நண்பர் போட்டிக்குச் சென்றார். பரிசு இல்லை, ஆனால் “வராது” என்ற பேச்சும் இப்போது இல்லை. கையைப் பழிக்குமுன் கருவியையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போமாக!