பனிக்கட்டியும் ஒரு பதிலும்

வேலூர் வெயிலுக்குப் பயந்து அமிர்திக் காட்டிற்குச் சென்று, அருவி ஜலத்தில் காலை நனைத்தவுடனே "அப்பா, என்ன குளிர்!" என்று நடுங்குகிறவர்கள் நாம். ஆகாய விமானத்தைப் பனிக்கட்டி வீழ்த்தும் என்றால் நமக்கு நம்புவது கடினமே. ஆனால் நம்மைப் போல் வெயிலில் பழகிய புளோரிடாவிலிருந்து வந்த ஒரு விமானத்திற்கு அக்கதிதான் நேர்ந்தது.

1982ஆம் வருஷம் ஜனவரி 13ந் தேதி. அமெரிக்கத் தலைநகரமாகிய வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏர் புளோரிடா கம்பெனியின் போயிங் 737 விமானம் 79 பேருடன் தெற்கே புறப்படக் காத்திருந்தது. இறக்கைகளில் படிந்த பனியைத் திரவம் தெளித்து அகற்றினார்கள். ஆயினும் புறப்பட முறை வருவதற்குள் சுமார் 49 நிமிஷம் கழிந்தது. பனி மறுபடியும் படிந்துவிட்டது.

இறக்கையின் மீது காற்று வழுக்கிச் சென்றால்தான் விமானம் எழும்பும். உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாகப் பனி ஒட்டினால் தூக்கும் சக்தி குன்றும். யந்திரத்தின் முகப்பிலுள்ள அளவுக் குழலைப் பனி அடைத்தாலோ, சக்தியைக் காட்டும் முள்ளே பொய் சொல்லும். இதைத் தடுக்க யந்திரத்தைச் சூடாக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு.

உதவி விமானி ஜாபிதாவை வாசித்து, அந்த ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டார். "நிறுத்தியிருக்கிறது" என்றார் தலைமை விமானி. வெயில் நாட்டில் அது சரியான பதில். அன்று அதுவே யமனாயிற்று. ஓடுபாதையில் விரையும்போதே, முள் காட்டுவது சரியல்லவென்று உதவி விமானி பன்முறை சொன்னார். தலைவர் அதைப் பொருட்படுத்தவில்லை. முள் 2.04 என்று காட்டிற்று. உண்மையில் இருந்ததோ 1.70 தான். எழும்பிய அரை நிமிஷத்தில் விமானம் ஒரு பாலத்தில் மோதி, உறைந்த பொட்டோமாக் நதியில் வீழ்ந்தது. விமானத்தில் 74 பேரும் பாலத்தில் நால்வரும் மாண்டனர்.

வால்பகுதியைப் பற்றிக்கொண்டு ஆறு பேர் தத்தளித்தனர். ஹெலிகாப்டர் கயிறு இறக்கிற்று. ஆர்லண்டு வில்லியம்ஸ் என்பவர் தம்மிடம் வந்த கயிற்றைப் பிறரிடமே கொடுத்தார். மற்ற ஐவரும் கரையேறினர். அவரைத் தேடித் திரும்பியபோது, அவரை நதி கொண்டுபோயிருந்தது. அப்பாலம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உதவி விமானியின் ஐயத்திற்குச் செவிசாய்க்க வேண்டுமென்று விமானிகளுக்குப் பயிற்சியளிக்கையில் இவ்விபத்தை எடுத்துச் சொல்வதுண்டு. பாடம் ஆகாயத்திற்கு மட்டுமன்று. ஆம்பூர்த் தோல் ஷாப்பிலாகட்டும், நம் வீட்டு அடுக்களையிலாகட்டும், இளையவர் ஒருவர் "இது சரியில்லையே" என்றால், நம் வழக்கமான பதிலைச் சொல்லுமுன் ஒரு கணம் நிதானிப்போமாக.