அயல் வடிவச் செய்நிரல்களும் கணனியின் வாயிற்காவலும்

கணனிச் செய்நிரல் ஒவ்வொன்றும் யாதேனும் ஒரு பணிசெயல் முறைமைக்கும், யாதேனும் ஒருவகை முறைவழியாக்கிக்கும் உரியதாகவே ஆக்கப்படுகின்றது. விண்டோஸ் முறைமைக்கென எழுதப்பட்ட செய்நிரல் லினக்ஸ் முறைமையில் தானாக இயங்குவதில்லை. ஏ.ஆர்.எம். வகை முறைவழியாக்கிக்குரிய கட்டளைகளை இன்ரெல் வகை முறைவழியாக்கி விளங்கிக்கொள்வதில்லை. எனினும் லினக்ஸ் முறைமையை முறைப்படி அமைத்துக்கொண்டால், இத்தகைய அயல் செய்நிரல்களையும் உள்ளூர்ச் செய்நிரல்களைப் போலவே பெயர் சொல்லி அழைத்து இயக்கலாம். இது எவ்வாறு கைகூடுகின்றது என்பதும், இதனால் விளையக்கூடிய இடர்கள் யாவை என்பதும் அறியத்தக்கன.

பணிசெயல் முறைமையின் உள்ளீடாக விளங்குவது கேர்ணல் எனப்படும் கருப்பகுதியாகும். செய்நிரலொன்றை இயக்குமாறு வேண்டப்படும்போது, கேர்ணல் அக்கோப்பின் தொடக்கத்திலுள்ள சில பைற்றுக்களை மாத்திரம் முதலில் வாசிக்கின்றது. முன்னர் 128 பைற்றுக்களை வாசித்தது. 2019ஆம் ஆண்டு முதல் 256 பைற்றுக்களை வாசிக்கின்றது. கோப்பு எவ்வகையினது என்பதை உணர்த்தும் அடையாளக் குறி பெரும்பாலும் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும். லினக்ஸுக்குரிய ஈ.எல்.எவ். வடிவக் கோப்பில், 127 என்னும் எண்பெறுமானமுடைய பைற்றைத் தொடர்ந்து அம்மூன்று எழுத்துக்களும் நிற்கும். டொஸ், விண்டோஸ் செய்நிரல்களின் தலைப்பில் எம், இசட் என்னும் ஈரெழுத்துக்கள் நிற்கும். இவை மைக்ரோசொப்ற் நிறுவனத்திற் பணியாற்றிய மார்க் சிபிகோவ்ஸ்கி என்பாரின் பெயரின் முதலெழுத்துக்களாம்.

வேறொரு செய்நிரலின் துணைகொண்டு கோப்பொன்றை இயக்கும் எண்ணம் புதியதன்று. 1980ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டெனிஸ் றிச்சி யூனிக்ஸ் கேர்ணலில் இதற்கு வழிசெய்தார். கோப்பின் முதல் வரியில் எண்குறியும் வியப்புக்குறியும் அடுத்தடுத்து வந்தால், அவற்றின் பின்னே பெயர் குறிக்கப்பட்ட செய்நிரலிடம் கோப்பை ஒப்படைக்கவேண்டும் என்பதே அவ்வழி. ஆனால் இது கோப்பே தன் துணைவனைப் பெயர்சுட்டும் முறையாகும். அயல்நாட்டிலிருந்து வந்த கோப்புக்கு உள்ளூர்த் துபாஷி யார் என்பது எவ்வாறு தெரியும்?

முற்காலத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் கேர்ணலினுள்ளேயே தனிப் பகுதி எழுதவேண்டியிருந்தது. 1996ஆம் ஆண்டளவில் யாவா செய்நிரல்களுக்கென அத்தகைய பகுதி ஒன்றும் இருந்தது. புதிய வடிவம் தோன்றுந்தோறும் கேர்ணலைத் திருத்துவது இயலாத காரியம். ஆகவே 1997ஆம் ஆண்டில் ‘பின்ஃபெம்ற் மிஸ்க்’ எனப்படும் பொது வசதி சேர்க்கப்பட்டது. இது உண்மையில் ஒரு பதிவேடேயாகும். எந்த அடையாளமுடைய கோப்பை எந்தத் துபாஷியிடம் அனுப்பவேண்டும் என்பதை முறைமையின் நிருவாகி அதிற் பதிவார். கேர்ணல் அதன்படி ஒழுகும்.

கேர்ணலைக் கட்டமைக்கும்போது இவ்வசதியை அதனுட் பிணைத்துவிடலாம். வேண்டும்போது ஏற்றத்தக்க தனிக் கூறாக வைக்கலாம். அன்றி முற்றாக நீக்கியும் விடலாம். வசதி அமைந்தபின், பதிவு செய்வதற்கென உள்ள சிறப்புக் கோப்பில் ஒரே வரியை எழுதினாற் போதுமானது. அவ்வரியில் ஏழு கூறுகள் உள. முதலாவது பதிவின் பெயர். இரண்டாவது, கோப்பை அடையாளக் குறியால் இனங்காண்பதா, பெயரின் ஈற்று விகுதியால் இனங்காண்பதா என்பது. மூன்றாவது குறி தொடங்கும் இடம். நான்காவது அக்குறி. ஐந்தாவது மறைப்பு. ஆறாவது துபாஷிச் செய்நிரல் இருக்குமிடம். ஏழாவது சிறப்பு விதிகளைக் குறிக்கும் எழுத்துக்கள்.

இவற்றுள் மறைப்பு என்பது சற்று விளக்கவேண்டியது. ஏ.ஆர்.எம். முறைவழியாக்கிக்குரிய லினக்ஸ் கோப்பும் இன்ரெல் முறைவழியாக்கிக்குரிய லினக்ஸ் கோப்பும் ஈ.எல்.எவ். என்னும் ஒரே குறியுடனேயே தொடங்குகின்றன. அவற்றை வேறுபடுத்துவது தொடக்கத்திலிருந்து 18 பைற்றுக்கள் கழித்து வரும் பொறி எண்ணாகும். 64 பிற் இன்ரெல் வகைக்கு அது 62. 64 பிற் ஏ.ஆர்.எம். வகைக்கு 183. இடையிலுள்ள சில பைற்றுக்கள் கோப்புக்குக் கோப்பு மாறலாம். எந்தப் பைற்றுக்களை ஒப்புநோக்கவேண்டும், எவற்றைப் பொருட்படுத்தாது விடவேண்டும் என்பதைக் கேர்ணலுக்கு உணர்த்துவதே மறைப்பின் தொழில்.

துபாஷிகள் இருதிறத்தினர். 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வைன் என்பது முதல் திறத்தது. அது முறைவழியாக்கியின் கட்டளைகளை மாற்றுவதில்லை. விண்டோஸ் செய்நிரல் தன் முறைமையிடம் கேட்கும் உதவிகளை லினக்ஸின் உதவிகளாக மாற்றிக் கொடுக்கின்றது. 2003ஆம் ஆண்டில் பப்ரிஸ் பெல்லார் வெளியிட்ட கியூ.ஈ.எம்.யூ. மற்றத் திறத்தது. அது அயற் கட்டளைகளையே உள்ளூர்க் கட்டளைகளாகப் பெயர்க்கின்றது. ஆதலால் இயக்கம் கணிசமாகத் தாமதமாகும். எனினும் சிறிய ஏ.ஆர்.எம். கணனிகளுக்கு வேண்டிய மென்பொருளை வலிய இன்ரெல் கணனியில் ஆக்கிச் சோதிப்பதற்கு இதுவே பெரிதும் கைகொடுக்கின்றது. 2016ஆம் ஆண்டில் விண்டோஸினுள் லினக்ஸை இயக்க மைக்ரோசொப்ற் ஏற்படுத்திய அமைப்பும், 2022ஆம் ஆண்டில் லினக்ஸ் மெய்ந்நிகர்ப் பொறிகளுக்கு அப்பிள் வழங்கிய றொசெற்றாவும் இப்பதிவேட்டையே பயன்படுத்துகின்றன.

இவ்வளவு நன்மையுடைய வசதி கவனமின்றிக் கையாளப்படின் கேடும் விளைக்கும். பதிவேட்டை உள்ளூர் வடிவங்களுக்கு முன்னதாகவே கேர்ணல் நோக்குவதால், மறைப்புத் தவறாக எழுதப்பட்டால் உள்ளூர்ச் செய்நிரல்களும் அதில் அகப்பட்டு, எக்கட்டளையும் இயங்காத நிலை தோன்றலாம். அப்போதும் நிருவாகியின் கட்டளைத் திரை திறந்திருந்தால் வழியுண்டு. பதிவின் கோப்பில் ‘கழித்தல் ஒன்று’ என எழுதினால் அப்பதிவு நீங்கும். எழுதும் கட்டளை திரையினுள்ளேயே அமைந்திருப்பதால் புதிய செய்நிரல் எதுவும் வேண்டியதில்லை. மேலும், பதிவுகள் நினைவகத்தில் மட்டுமே வாழ்வன. கணனியை மீளத் தொடக்கினால் அவை மறையும். நிலைத்திருக்கவேண்டியவற்றை, தொடக்க வேளையில் வாசிக்கப்படும் அமைப்புக் கோப்புக்களில் எழுதிவைத்தல் வேண்டும்.

குறி ஒன்றே போதிய சான்றன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. யாவா வகுப்புக் கோப்புக்களின் நான்கு பைற்றுக் குறியையே, பல முறைவழியாக்கிகளுக்குரிய பகுதிகளை ஒன்றுசேர்த்த அப்பிள் கோப்புக்களும் தாங்குகின்றன.

இவை யாவற்றிலும் பெரிய இடர் பாதுகாப்பைச் சார்ந்தது. எம், இசட் குறிக்கு வைனைப் பதிந்துவைத்த கணனியில், தீங்கு நிறைந்த விண்டோஸ் செய்நிரலும் பயனரின் கைபட்டவுடன் இயங்கும். வைன் சிறைக்கூடமன்று; அதனுள் இயங்கும் செய்நிரல் பயனரின் கோப்புக்களை வாசிக்கவும் அழிக்கவும் வல்லது. அவ்வாறே, சீ என்னும் எழுத்தை ஏழாவது கூறில் இட்டால், துபாஷி தனக்குரிய அதிகாரத்தோடன்றி இயக்கப்படும் கோப்புக்குரிய அதிகாரத்தோடு இயங்கும். முதன்மை நிருவாகியின் அதிகாரம் பெற்ற கோப்பாயின் துபாஷியும் அவ்வதிகாரம் பெறுகின்றது. இன்றியமையாத விடத்தன்றி அவ்வெழுத்தை இடலாகாது. எவ் என்னும் எழுத்தோ பயன் மிக்கது. அதை இட்டால் துபாஷிச் செய்நிரல் பதியும் பொழுதே திறந்து வைக்கப்படும். கோப்பமைப்பு வேறாகவுள்ள கொள்கலங்களினுள்ளும் அது குறைவின்றிப் பணிபுரியும். 2024ஆம் ஆண்டு சனவரியில் வெளியான 6.7ஆம் பதிப்புக்குப் பின், பயனர் வெளி ஒவ்வொன்றும் தனிப் பதிவேடு வைத்திருக்கவும் இயலும்.

கேர்ணல் எல்லா வடிவங்களையும் என்றென்றும் தாங்குவதில்லை. லினக்ஸ் தோன்றிய காலத்திலிருந்த ஏ.அவுட் என்னும் பழைய வடிவத்துக்கான ஆதரவு 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அத்தகைய பழஞ்செய்நிரல்களை இன்றும் இயக்க விரும்புவோர்க்கு, தக்க துபாஷியொன்றும் பதிவேட்டில் ஒரு வரியும் இருந்தால் வாயில் மீண்டும் திறக்கும். எவ்வடிவத்தை உள்ளே விடுவது, எந்த அதிகாரத்தோடு விடுவது என்பதைத் தேர்ந்து பதிதலே நிருவாகியின் பொறுப்பாகும். வேண்டாத பதிவுகளை அவ்வப்போது நீக்கி வருதலும் அப்பொறுப்பின் ஒரு பகுதியேயாம்.